இழுப்பறையில் கிடந்த பேர்

மிண்டாவின் பேர் பொறித்த கிரெடிட் கார்டு தபாலில் வந்த அன்றைக்கே டேல் அதைச் சமையலறை இழுப்பறையில், செத்த பேட்டரிகளுக்கும் மீன்பிடி லைசென்ஸுக்கும் நடுவில் போட்டு மூடினான்.

"கையில வெச்சுப் பாக்கக்கூட விடமாட்டியா?" என்றாள் மிண்டா.

"பாத்துக்கோ. பர்ஸ்ல வைக்க வேணாம். இது செலவு பண்ற கார்டு இல்ல. உனக்குக் கடன் வரலாறு உண்டாக்கற கார்டு."

அவள் இழுப்பறையைத் திறந்து பார்த்தாள். லுஸ்விமிண்டா ஹட்சின்ஸ். கல்யாணத்துக்குப் பிறகு அவள் முழுப்பேரை இவ்வளவு அழகாக யாரும் எழுதித் தந்ததில்லை. மூடிவிட்டாள்.

அதற்கு முந்தின வாரம்தான் இருவரும் செல்போன் கடையில் மூக்குடைபட்டு வந்திருந்தார்கள். கவுண்டரில் இருந்த பெண் மிண்டாவின் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் பேரில் கடன் வரலாறு ஒன்றுமே இல்லை, முன்பணம் கட்டினால்தான் போன் என்றாள். "நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் கடன் வாங்கினதே இல்ல" என்று மிண்டா தலை நிமிர்ந்து சொன்னாள். அந்தப் பெண் பரிதாபமாகப் பார்த்து, "அதான் மேடம் பிரச்சினை" என்றாள்.

இண்டியானாவில் அவர்கள் வீடு இருந்த எல்கார்ட் ஊர் வந்து சேரும்வரை டேல் வண்டிக்குள் சிரித்துக்கொண்டே வந்தான்.

"ஊரை ஏமாத்தினவனுக்குக்கூடக் கிரெடிட் ஸ்கோர்னு ஏதோ ஒரு நம்பர் இருக்கும், மிண்டா. உனக்கு நம்பரே இல்ல. நீ இன்னும் பொறக்கவே இல்ல."

"நான் பதினேழு வயசுல இருந்து சீட்டுக் கட்டறேன். ஒரு மாசம் தவறினது கிடையாது. எங்கப்பா செத்த அன்னிக்குக்கூடப் பக்கத்து வீட்டுக்காரிகிட்டக் குடுத்தனுப்பினேன்."

"அதெல்லாம் பிலிப்பைன்ஸ்ல, உங்க டுமகெட்டியில. இங்க எவனுக்குத் தெரியும்?"

டேல் கெட்டவன் இல்லை. ஐம்பது வயதில் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டவன். வண்டியில் கட்டி இழுத்துப் போகிற டிரெய்லர் வீடு செய்யும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாகச் சுவர்ப் பலகை அடிக்கிறவன். கல்யாணத்தின்போது சொன்ன இரண்டு சொல்லையும் காப்பாற்றினான். மிண்டாவின் அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி மருந்துக்கு மாதாமாதம் இருநூறு டாலர் தந்தான். குடித்துவிட்டுக் கை நீட்டவில்லை. இப்போது மூன்றாவதாக இது. பத்தொன்பது வயதில் வாங்கிய தன் பழைய கார்டுக் கணக்கில் அவளையும் ஓர் ஆளாகச் சேர்த்துவிட்டான். அந்தக் கணக்கின் வயதும் அவன் ஒழுங்காகக் கட்டிய தவணைகளும் இனி அவள் பேரிலும் ஏறும். அவள் ஒரு சதம் செலவழிக்க வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும்.

மிண்டா சும்மா இருந்தாள். முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் வேலை பார்த்துக்கொண்டு, சம்பளத்தில் ஒரு பங்கை நோர்மா அக்கா நடத்தும் சீட்டில் போட்டுக்கொண்டு இருந்தாள். அது எல்கார்ட்டில் வாழ்க்கைப்பட்ட பத்து பிலிப்பைன்ஸ் பெண்களின் சீட்டு. காகிதம், கையெழுத்து எதுவும் கிடையாது. மாதம் ஒருத்தி மொத்தத்தையும் எடுப்பாள். எடுத்த பிறகும் சுற்று முடியும்வரை தன் பங்கைக் கட்டிக்கொண்டே இருப்பாள். ஓடிப்போனவள் யாரும் இல்லை.

மாதக்கடைசியில் டேல் போனைத் திறந்து அவளுடைய மதிப்பெண்ணைப் படிப்பான். பிள்ளையின் பரீட்சை ரிசல்ட்டைப் படிக்கிற தகப்பன் மாதிரி ஒரு முகம் வரும். வசந்தத்தில் அது எழுநூற்று நாற்பத்தொன்றைத் தொட்டது.

"என்னைவிட ஆறுதான் கம்மி. கார்டுக் கணக்குப்படி நீ ஒரு டயர் வாங்கியிருக்க, ஒரு தூண்டில் வாங்கியிருக்க, எங்கம்மாவுக்கு மைக்ரோவேவ் வாங்கிக் குடுத்திருக்க. எல்லாத்துக்கும் கரெக்டாப் பணம் கட்டியிருக்க. நல்ல பொண்ணு."

அவன் அண்ணன் ரிக் அன்று பின்கட்டில் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தான். இடுக்கியை மிண்டா பக்கம் நீட்டிச் சொன்னான்:

"மொதல்ல கிரீன் கார்டு. அடுத்தது ஸ்கோர். மூணாவது என்ன தெரியுமா தம்பி? டாட்டா காட்டிட்டுப் போயிடுவா."

"உன்னை விட்டுட்டுப் போன ரெண்டு பேரும் இண்டியானாவுல பொறந்தவளுங்கதான்டா" என்றான் டேல். எல்லோரும் சிரித்தார்கள். மிண்டாவும் சிரித்தாள். அன்று இரவு படுக்கையில், "அவன் சொன்னது உன் மனசுல இருக்கா?" என்று கேட்டாள். "தூங்கு" என்றான் அவன்.

அவளுக்குத் தேவை டாட்டா காட்டிவிட்டுப் போவது இல்லை. ஒரு கார். எல்கார்ட்டில் கார் இல்லாதவள் நொண்டி. விடியுமுன் டேல் தன் பெரிய வண்டியில் கொண்டுவந்து முதியோர் இல்ல வாசலில் நிறுத்துவான். அவள் பையைத் தேடி எடுப்பதற்குள், "இறங்கு, எனக்கு நேரமாச்சு" என்பான். சாயங்காலம் அவன் வரும்வரை அதே வாசலில் நிற்பாள். மழையென்றாலும் பனியென்றாலும் அந்த வாசல்தான்.

ஆகஸ்டில் கோஷன் ஊர் ஆஸ்பத்திரியில் துணிக்கிடங்குக்கு மேற்பார்வை வேலை ஒன்று அவளுக்கு வந்தது. கூலி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அக்டோபர் முதல் தேதி சேர வேண்டும். அந்த மேனேஜரம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "சொந்த வண்டி இருக்கா? ராத்திரியில திடீர்னு கூப்பிடுவோம். யாரையும் நம்பி இருக்க முடியாது." மிண்டா இருக்கு என்று சொல்லிவிட்டாள். இல்லாத ஒன்றைச் சொன்னோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. எழுநூற்று நாற்பத்தொன்று இருக்கிறது; கோடையில் டேல் அதைப் படித்துக் காட்டுவதை விட்டுவிட்டாலும் எங்கே போய்விடப் போகிறது. அக்டோபர்ச் சீட்டு அவள் முறை, அது முன்பணத்துக்கு ஆகும். கார் வந்த மாதிரிதான்.

வேலைக்குப் போகிற வழியில், மக்காச்சோளக் காட்டை ஒட்டிய மைதானத்தில், விற்காத டிரெய்லர் வீடுகள் வரிசையாக நின்றன. ஜூனில் இரண்டு வரிசை. ஆகஸ்டில் வேலிவரை. அந்த ஊரில் பிறந்தவன் எவனும் அதைப் பார்த்த மாத்திரத்தில் அடுத்து யாருக்கு வேலை போகும் என்று எண்ண ஆரம்பிப்பான். வெள்ளையாக அழகாக இருக்கிறது என்று மிண்டா நினைத்துக்கொண்டு போனாள்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை டேல் அவளைப் பழைய கார் விற்கிற இடத்தில் இறக்கிவிட்டான். "நீயே போய்ப் பேசு. உன் பேர், உன் கார். நான் வந்தா என்னைப் பாத்துத்தான் பேசுவான்" என்றான். அவளுக்கு அது பெருமையாக இருந்தது.

சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன வண்டியைத் தேர்ந்தெடுத்தாள். இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கூடப் பார்த்தாள். பிறகு உள்ளே கடன் பார்க்கிறவனின் மேசைக்குப் போனாள். பிராட் என்று பேர். மிட்டாய்க் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டு எண்ணைத் தட்டினான். தட்டியவன் திரையை ஒருமுறை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தான்.

"மேடம், உங்க ஸ்கோர் எவ்வளவுன்னு நெனச்சு வந்தீங்க?"

சொன்னாள்.

அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். ஐந்நூற்று எழுபத்தெட்டு.

"இது வேற யாரோடதோ."

"லுஸ்விமிண்டா இந்த ஊர்ல எத்தனை பேர் இருப்பாங்க மேடம்? உங்க பேர்ல ஒரே ஒரு கார்டுதான். அது கழுத்து வரைக்கும் ரொம்பிக் கெடக்கு. போன மாசம் தவணையும் கட்டலை."

"அந்தக் கார்டை நான் தொட்டதே இல்ல. அது இழுப்பறையில இருக்கு."

"இருக்கலாம். பேர் இதுல இருக்கே." அவனுக்கு அவளைப் பிடித்திருந்தது போல, குரலைத் தாழ்த்தினான். "வீட்டுக்காரர் கார்டா? அவர் எங்க வேலை? டிரெய்லரா?"

"ஆமா."

"ஆங்" என்றான் பிராட். "அங்க ஆளை நிறுத்திட்டாங்கன்னு இங்க வர்றவங்க எல்லாரும் சொல்றாங்க."

வாசலில் டேல் வண்டியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான். சாலையில், காரே வேண்டாமென்று வாழும் ஆமிஷ்காரன் ஒருவனின் குதிரைவண்டி டக்டக்கென்று போனது. அதற்கு எவனும் நம்பர் கேட்டிருக்க மாட்டான். அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"சாவி எங்க?" என்றான் டேல், முன்கண்ணாடியைப் பார்த்தபடி.

"நீ உள்ள வராததுக்குக் காரணம் பெருமை இல்ல. இல்லையா?"

டேல் கியரைத் தட்டி வண்டியைக் கிளப்பினான்.

"எப்ப வேலை போச்சு?"

"போகல. நிறுத்தி வெச்சிருக்கான். ஆர்டர் இல்லன்னா நிறுத்துவான், ரெண்டு வாரத்துல கூப்பிடுவான். எப்பவும் அப்படித்தான்."

"எப்ப?"

"ஜூன் கடைசி."

மிண்டா மடியில் இருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். தினமும் விடியுமுன் இதே வண்டி, இதே இருக்கை, அவன் காலடியில் சாப்பாட்டுப் பெட்டி.

"தினமும் என்னை இறக்கிவிடறப்ப நேரமாச்சு, நேரமாச்சுன்னியே. எங்க போக நேரமாச்சு உனக்கு?"

"ஆத்தங்கரையில. படகு எறக்கற எடத்துல வண்டியைப் போட்டுட்டு உக்காந்திருப்பேன்."

"மூணு மாசமா?"

"மழை பெஞ்சா லைப்ரரி."

அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"கார்டை நீ ரொப்பினா என் பேர்ல ஏறும்னு உனக்குத் தெரியும். நீதானே எனக்குச் சொல்லிக்குடுத்த."

"கூப்பிட்டுடுவான்னு நெனச்சேன். வேலையில்லாதவனுக்குக் கவர்ன்மென்ட் குடுக்கற பணம் வீட்டுக் கடனுக்கே சரியாப் போச்சு. மளிகை, பெட்ரோல், கரண்ட். எதைவிட்டுக் கட்டறது?"

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லி? துணி துவைச்சுட்டு வர்றவகிட்டக் கை நீட்டவா?" அவன் குரல் இப்போது முறுக்கிக்கொண்டது. "மாசாமாசம் உங்கம்மாவுக்கு இருநூறு போச்சுல்ல. ஜூலை போச்சு, ஆகஸ்ட் போச்சு. அது எங்கேருந்து வந்துச்சுன்னு நெனச்ச? அந்தக் கார்டைத் தேய்ச்சு எடுத்த பணம்தான். வட்டியைக் கேட்டா மயக்கம் போட்டுடுவ."

அம்மா போனில் ஆகஸ்ட் மாதம் சொன்னது ஞாபகம் வந்தது: உன் புருஷன் தங்கம்டி.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபின் டேல்தான் ஆரம்பித்தான், ரொம்ப மிருதுவாக.

"ஒரு வழி இருக்கு. அக்டோபர்ச் சீட்டு உனக்குத்தானே? அதைக் கொண்டுபோய்க் கார்டுல கட்டிடு. பாதி கட்டினாக்கூட நம்பர் துள்ளி எழும்பும். அப்புறம் கார் வாங்கு. உன் நன்மைக்குத்தான் சொல்றேன்."

மோசம் என்னவென்றால் அவன் சொன்னது உண்மை. எழும்பும். அவளுக்கே அந்தக் கணக்கு இப்போது அத்துப்படி. ஆனால் சீட்டுப் பணத்தைக் கார்டில் போட்டால் காருக்கு முன்பணம் இல்லை. காருக்கு வைத்தால் எவனும் கடன் தரமாட்டான். ஞாயிற்றுக்கிழமை நோர்மா அக்கா வீட்டுக்குப் போகும்போது, சீட்டை ஒரு வாரம் முன்னதாகத் தரச் சொல்லி, முழுப்பணத்துக்கும் எவனிடமாவது ஓட்டை வண்டி ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

நோர்மா அக்கா வீட்டில் எப்போதும்போல் வரவேற்புதான். நூடுல்ஸைத் தட்டு நிறையக் குவித்து, மேலே எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தாள். அறுபது வயது. எல்கார்ட்டுக்கு முதலில் வந்த பிலிப்பைன்ஸ்காரி அவள்தான். மற்ற பெண்கள் சோபாவில் நெருக்கிக்கொண்டு டிவியில் ஓடிய வரிகளைப் பார்த்துப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். மிண்டா விஷயத்தைச் சொன்னதும் நோர்மா டிவிச் சத்தத்தைக் குறைத்தாள். அதுவே அபசகுனமாக இருந்தது.

"உன் முறையைக் கடைசிக்கு மாத்திட்டோம்டி."

"எப்ப?"

"போன மாசம். அக்டோபரு திவீனாவுக்கு."

"யாரைக் கேட்டு அக்கா?"

"கோவிச்சுக்காத. சீட்டு எடுத்தவ மீதியைக் கட்டணுமில்ல? உங்க வீட்டுல நெலமை சரியில்லன்னா, மத்தவங்க பணத்துக்கு யாரு பதில் சொல்றது?"

"எங்க வீட்டு நெலமை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சோபாவில் இருந்த திவீனா தன் தட்டைப் பார்த்தாள். நோர்மாவின் புருஷன் ஜெர்ரி அதே தொழிற்சாலையில்தான் பெயிண்ட் அடிக்கிறான். அது மிண்டாவுக்கு இப்போதுதான் உறைத்தது.

"ஜூன்லயே தெரியுமா?"

"ஜெர்ரி வந்து சொன்னான். உனக்கும் தெரியும்னுதான் நெனச்சோம். நீ பாட்டுக்குச் சிரிச்சுட்டு வந்த, போன. அப்புறந்தான் இவளுக்குத் தெரியாது போலன்னு… அடுத்தவ புருஷனோட மானத்தை நாங்க எப்படிடி உன்கிட்ட எடுத்துச் சொல்றது? வெக்கமா இருக்காது?"

"முறையை மாத்தறப்ப வெக்கமா இல்லையா?"

"அது சீட்டு. பத்துப் பேர் பணம்."

"நான் வேலைக்குப் போறேன் அக்கா. எம் பங்கை நான் கட்டறேன். என்னிக்காவது தவறியிருக்கேனா?"

"தவறல. உன்மேல யாருக்கும் சந்தேகமில்ல." நோர்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா உன்னை வேலைக்கு யாரு கொண்டு விடறா? சொல்லு."

பதினேழு வயதிலிருந்து கட்டியது. அப்பா பிணம் வீட்டில் கிடக்கும்போது கட்டியது. அது இங்கே எவனுக்கும் தெரியாதென்று டேல் சொன்னபோது, இந்தப் பத்துப் பேருக்குத் தெரியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டவள் அவள். இங்கேயும் டேலின் பேர்தான் அவள் பேரில் ஏறியிருந்தது. மிண்டா தட்டை முழுசாகக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தாள். மீதி வைத்தால் கோபம் என்று சொல்வார்கள்.

வீட்டுக்கு நடந்தே வந்தாள். வந்ததும் இழுப்பறையைத் திறந்து கார்டை எடுத்தாள். பின்பக்கம் இருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். டேல் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றான்.

"என்ன பண்ற?"

"என் பேரை எடுக்கச் சொல்றேன்."

"பைத்தியமா உனக்கு? எடுத்தா மொத்த வரலாறும் போயிடும். நல்லதும் சேத்துத்தான் போகும். திரும்பப் பழைய மாதிரி ஒண்ணுமே இல்லாம நிப்ப."

"அதுல நல்லது எது? நீ வாங்கின டயரா?"

"மிண்டா, உனக்காகத்தான் நான் இதை…"

"தெரியும். பேசாம இரு, அந்தாளு லைன்ல வந்துட்டான்."

மறுமுனையில் இருந்தவன் பொறந்த தேதி கேட்டான், விலாசம் கேட்டான், கடைசியில் காரணம் கேட்டான். "சொல்லணுமா?" என்றாள். சொல்ல வேண்டியதில்லை என்றான். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கத்தரிக்கோலால் கார்டை நறுக்கும்போது தன் பேரின் நடுவில் வெட்டு விழாதபடி பார்த்துக்கொண்டாள். பிறகு அந்தத் துண்டையும் குப்பையில் போட்டாள்.

கோஷன் வேலை, சிவப்புக் கார் வைத்திருந்த வேறொருத்திக்குப் போனது. அக்டோபரில் மிண்டா ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குப் போய் முன்னூறு டாலரைக் கட்டினாள். அவர்கள் அந்த முன்னூறு வரைக்கும் செலவு செய்ய ஒரு கார்டு தந்தார்கள்.

"என் பணத்தையே எனக்குக் கடனாக் குடுக்கறீங்க" என்றாள்.

"ஆமா மேடம். நீங்க திருப்பிக் கட்டறீங்களான்னு பாக்கணுமில்ல?" என்றாள் அங்கிருந்த பெண், கொஞ்சமும் கூசாமல். "அரை வருஷத்துல உங்களுக்கு நம்பர் வந்துடும்."

"இதுல என் புருஷன் பேர் எங்கேயாவது வருமா?"

"வராது."

மிண்டா கையெழுத்துப் போட்டாள்.

நவம்பரில், தவணை நின்றுபோன டேலின் வண்டியைக் கடன்காரர்கள் வந்து இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் ஒரு பழைய சைக்கிளில் வேலைக்குப் போனாள். ஐஸில் இரண்டு தரம் விழுந்தாள், இரண்டாவது தரம் மணிக்கட்டு பிசகியது. தொழிற்சாலை டேலைக் கூப்பிடவே இல்லை. அம்மாவுக்கு அனுப்பியது நூறாகக் குறைந்தது. அம்மா போனில், "அவருக்கு என்னடி நீ குறை வெச்ச?" என்று கேட்டாள். மிண்டா சீட்டுப் பங்கை ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டி, கடைசி ஆளாக எடுத்தாள். அடுத்த சுற்றில் முதல் முறை உனக்குத்தான் என்றாள் நோர்மா அக்கா. "வேணாம் அக்கா, எனக்கு இப்ப கார்டு இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தாள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கம் போகவில்லை.

அடுத்த வருஷம் இலை உதிரும் காலத்தில் அவளுக்குக் கார் வந்தது. மதிப்பெண் அறுநூற்று அறுபத்துச் சொச்சம். வட்டி கொள்ளை. பிராட்தான் போட்டுக் கொடுத்தான். மிட்டாய்க் கிண்ணத்தை இந்தத் தடவையும் தள்ளினான். சாம்பல் நிற வண்டி எப்போதோ விற்றுப்போயிருந்தது. கிடைத்தது பழுப்பு நிறம். வலப்பக்கக் கதவை உள்ளிருந்துதான் திறக்க முடியும்.

டேலுக்கு நெடுஞ்சாலை ஓரக் கிடங்கு ஒன்றில் பெட்டி அடுக்குகிற வேலை கிடைத்திருந்தது. விடியுமுன் மிண்டா அவனை அங்கே இறக்கிவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். மைதானத்தில் விற்காத டிரெய்லர்களைக் காணோம். வேலிக்குள் புல் மண்டிக் கிடந்தது. சிவப்பு விளக்கில் வண்டி நின்றது.

"மிண்டா."

"ம்."

"என் நம்பர் பாதாளத்துல கெடக்கு. ஒரு டயர்கூடக் கடனுக்குத் தரமாட்டேங்கறான்." அவன் சாப்பாட்டுப் பெட்டியின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தான். "உன் கார்டுல என் பேரையும் சேத்துவிடேன். நீ கட்டறது எனக்கும் ஏறும். கார்டை என் கையில குடுக்கக்கூட வேணாம். இழுப்பறையிலயே கெடக்கட்டும்."

பச்சை விழுந்தது. அவள் ஓட்டினாள். கிடங்கின் வாசலுக்கு வந்து நிறுத்தினாள். அவன் கதவின் பிடியில் கையை வைத்தபடி, திறக்காமல், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இறங்கு டேல்" என்றாள். "எனக்கு நேரமாச்சு."

அவன் இறங்கினான். அவளுக்கு வேலை தொடங்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.